ஃபோர்மனின் ஐரிஷ் பழமொழிகள்

எங்கள் தொழிற்சாலையின் தேநீர் அறையில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை இடைவேளைக்கு நாங்கள் கை கழுவிக்கொண்டு உள்ளே போகும்போது, போன வாரத்து வாசகம் அழிக்கப்பட்டுப் புதிதாக ஒன்று பச்சை மையில் எழுதப்பட்டிருக்கும். எழுதுகிறவர் எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மன். இருபது வயதில் அயர்லாந்திலிருந்து வந்தவர். எழுதுவதெல்லாம் அவருடைய ஊர்ப் பழமொழிகள். அவற்றில் முக்கால்வாசி ஆண்களைப் பற்றியவை: குடிக்கிற ஆண், வாய் ஓயாத ஆண், தனியாகக் கிடக்கும் ஆண், மனைவிக்குப் பயந்தவன், நண்பனைக் கைவிட்டவன். மிச்சம் கால்வாசி பொதுவாக மனிதக் குணத்தைப் பற்றியவை. அவற்றில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் "எவ்வளவு உண்மை" என்று தலையாட்டுவீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மெல்பேர்னுக்கு வடக்கே, கிரெய்கிபர்னுக்குப் போகும் வழியில், அலுமினிய ஜன்னல் சட்டங்கள் செய்யும் இடம் அது. யாழ்ப்பாணத்தில் நான் விலங்கியல் படித்தவன். இங்கே வந்து அலுமினியக் கம்பிகளை நீளம் பார்த்து வெட்டினேன். என் ஆங்கிலம் பரீட்சைத் தாளில் எழுதுகிற ஆங்கிலம். ஃபோர்மன் பேசினால் பாதி விளங்காது, சொற்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பேசுவார். பலகையில் எழுதுவது மட்டும் எனக்கு விளங்கியது. அதனால் ஒரு கொப்பி வாங்கி, வாராவாரம் அதை எழுதிக்கொண்டேன். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழாக்கம். வெறும் தமிழாக்கம் அல்ல. எதுகை, மோனை எல்லாம் தேடி, இரண்டு மூன்று தரம் வெட்டித் திருத்தி, எங்கள் ஊர்ப் பழமொழி போலவே ஒலிக்கும்வரை விடமாட்டேன். படித்த படிப்பு வீணாகவில்லை என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள அந்தக் கொப்பி ஒன்றுதான் இருந்தது. பிறந்தநாள் விழாக்களிலும் கோவில் மண்டபத்திலும் என்னைக் கண்டால் "எங்கே, இந்தக் கிழமை வெள்ளைக்காரன் என்ன சொல்லுறான்?" என்று கேட்பார்கள். நான் ஒன்றை எடுத்து விடுவேன். சிரிப்பார்கள். எனக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

ஃபோர்மனைக் கெட்டவர் என்று எழுதினால் என் வேலை சுலபமாகிவிடும். அவர் அப்படியில்லை. என் அப்பா ஊரில் இறந்தபோது, போக முடியாமல் நான் வீட்டில் முடங்கிக் கிடந்த நேரத்தில், ஒரு பழக் கேக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவர் அவர். கதிரையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் என்னோடு இருந்துவிட்டுப் போனார். போகும்போது மரணத்தைப் பற்றி ஒரு பழமொழி சொன்னார். அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஆனால் வேறொரு திங்கட்கிழமை ஞாபகத்துக்கு வருகிறது. வெட்டும் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி உடைந்து கிடந்தது. உடைந்திருக்கிறது என்று நாங்கள் நாலைந்து பேர் சொல்லியிருந்தோம். ஒரு வியட்நாமியர், என்னை விட மூத்தவர், ஒரு விரலின் நுனியைப் பறிகொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை பலகையில் அவசரப்படும் மனிதனைப் பற்றி ஒரு பழமொழி. எல்லோரும் நின்று வாசித்தார்கள், உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார்கள். அந்த வாரம் முழுவதும் பேச்சு அவசரத்தைப் பற்றியே இருந்தது. மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் புதிய மூடி வந்தது. அந்தப் பழமொழிக்கு நான் செய்த தமிழாக்கம் மிக நன்றாக வந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் அதற்காக மினக்கெட்டேன்.

இனித் தங்கையின் கதை. அவள் எனக்கு ஒன்பது வயது இளையவள். ஊரில் அம்மாவுடன் இருந்தாள், பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்தாள். அவளுக்கு மாப்பிள்ளை தேடுவது அப்பா போனபிறகு என் தலையில் விழுந்தது. கேரம் டவுன்ஸ் கோவிலில் ஒரு அன்ரி, பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு பெயரைச் சொன்னார். பெடியன் என் தொழிற்சாலையிலேயே வேலை செய்கிறான், பின்னேர வேலை. கிரெய்கிபர்னில் சொந்த வீடு. "குடி, சிகரெட் ஒண்டும் இல்லை தம்பி. நீர் வேலை செய்யிற இடம்தானே, நீரே விசாரிச்சுப் பாருமன்" என்றார். எனக்கு அவனை முகத்தளவில்தான் தெரியும். நாங்கள் வேலை முடித்து வெளியே போகும்போது அவர்கள் உள்ளே வருவார்கள். கையை உயர்த்திச் சிரிப்பான். நல்ல சிரிப்பு.

விசாரிப்பது என்பது எங்கள் ஆட்களிடம் ஒரு தனி வேலை. பெண்ணைக் கொடுக்கமுதல் மூன்று இடத்தில் விசாரிக்க வேண்டும்: ஊரில், ஒன்றாக இருந்தவர்களிடம், வேலையிடத்தில். ஊரில் அம்மா விசாரித்தார், நல்ல குடும்பம். முன்பு அவனோடு வீடு பகிர்ந்திருந்த இரண்டு பேரிடம் நான் விசாரித்தேன், நல்ல சமையல்காரன் என்றார்கள். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் ஃபோர்மன் எங்கள் பகல் வேலைக்கு வருமுன் ஆறு வருடம் பின்னேர வேலையைப் பார்த்தவர். அவனை நாளும் பொழுதும் கண்டவர். அதுவும் ஆண்களைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர். எங்கள் சனம் சாதி, சொந்தம் என்று எதையாவது மனதில் வைத்துக் கூட்டிக் குறைத்துச் சொல்லும். வெள்ளைக்காரனுக்கு அந்தப் பேச்செல்லாம் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. "மூண்டு இடத்திலயும் விசாரிச்சனியோ? வேலையிடத்தில ஆரிட்டக் கேட்டனி?" என்று அம்மா ஃபோனில் கேட்டபோது, "ஃபோர்மனிட்டக் கேக்கப்போறன் அம்மா" என்றேன். அம்மாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அவருடைய சின்ன அறைக்குப் போனேன். ஒரு அப்பிளைப் பேனாக்கத்தியால் தோல் சீவிக்கொண்டிருந்தார். தோல் அறாமல் நீளமாக வரவேண்டும் அவருக்கு. விஷயத்தைச் சொன்னேன். என் தங்கையை அவனுக்குக் கொடுக்க யோசிக்கிறோம், அவன் நல்ல மனிதனா என்று கேட்டேன். கத்தி நின்றது. அப்பிளை மேசையில் வைத்தார். பிறகு, ஒரு ஆணை அறிந்துகொள்வதைப் பற்றி ஒரு பழமொழி சொன்னார். எந்த ஆணுக்கும் பொருந்தும் பழமொழி அது. எனக்குப் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தும், அவருக்கே பொருந்தும். அவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, "இன்னொரு தரம் சொல்லுங்கள், இது பலகையில் வராதது" என்றேன். அவர், சொல்வதெழுதுதல் நடத்தும் வாத்தியார் போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கப் போனவன் ஒரு பழமொழியை எழுதிக்கொண்டு திரும்பினேன்.

அன்றைக்கே அதைத் தமிழாக்கி அம்மாவுக்குச் சொன்னேன். "வயசுபோன மனிசர் நிதானமாய்ச் சொல்லியிருக்கிறார். கெட்டவன் எண்டால் சொல்லியிருப்பாரே" என்றார் அம்மா. அதைத்தான் நானும் நினைத்தேன். சொல்லாததை நல்லது என்று கணக்குப் போட்டோம். ஊரில் கலியாணம் நடந்தது. ஃபோர்மன் ஒரு கண்ணாடி ஜாடி வாங்கிக் கொடுத்தார், வாழ்த்து மடலில் பச்சை மையில் ஒரு வரி எழுதியிருந்தார். என்ன வரி என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை.

தங்கை வந்து முதல் ஆறு மாதம் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிறகு வருவது குறைந்தது. ஃபோன் எடுத்தால் "ஓம்", "நல்லாயிருக்கிறம்" என்று இரண்டு சொல். ஒரு நாள் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நின்றாள், குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னாள். அவன் பக்கத்தில் நின்று, அவளுக்கு ஆப்பத்தைப் பிய்த்துக் கொடுத்தான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கவனமாய்ப் பாக்கிறார்" என்றாள். நானும் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வருடம், ஒரு ஞாயிறு பகலில், பக்கத்து வீட்டு லெபனான் பெண்மணி பொலிசைக் கூப்பிட்டாள். தங்கையின் காதில் இரத்தம். அந்தக் காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. வலது பக்கத்தில் நின்று பேசினால் அவள் முகத்தைத் திருப்பித்தான் கேட்பாள்.

நீதிமன்றத்தில் அவன் அவளை நெருங்கக் கூடாது என்று தடையுத்தரவு கொடுத்தார்கள். எங்களுக்கு உதவிய சட்ட உதவிப் பெண், இது அவனுக்கு முதல் தடையுத்தரவு இல்லை என்றாள். கலியாணத்துக்கு முன்பே, அவனோடு வாழ்ந்த வேறொரு பெண் ஒன்று வாங்கியிருந்தாள். தமிழ்ப் பெண் இல்லை. அதனால் எங்கள் ஊருக்கும் தெரியவில்லை, கோவிலுக்கும் தெரியவில்லை. வேலையிடத்திலும் தெரிந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். தங்கை பிரிந்து வந்துவிட்டாள் என்று ஃபோர்மனிடம் சொன்னபோது என் தோளில் கையை வைத்தார். அடுத்த திங்கட்கிழமை பலகையில் கலியாணத்தைப் பற்றி ஒரு பழமொழி இருந்தது. என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்தேன். அதையும் எழுதிக்கொண்டேன். அவன் வேலையை விட்டுச் சிட்னிக்கு, டூங்கபி பக்கம் போய்விட்டான்.

போன மாதம் ஃபோர்மன் ஓய்வு பெற்றார். நிர்வாகத்திலிருந்து என் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்கள். அதிலிருந்த பழமொழிகளில் நாற்பதைப் பொறுக்கி, அச்சடித்துச் சட்டம் போட்டு, பிரியாவிடை மதியச் சாப்பாட்டில் அவருக்குக் கொடுத்தார்கள். சேகரித்தவர் என்று என்னை எழுப்பிவிட்டுக் கைதட்டினார்கள். சாப்பாடு முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது அவர் என் பின்னால் வந்தார். இரண்டு பியர் குடித்திருந்தார், கண் கலங்கியிருந்தது. "உன் தங்கை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். "அந்தப் பையனுக்கு நான் எவ்வளவோ செய்தேன். முதல் பெண் விவகாரத்தில் கோர்ட்டுக்குப் போய் அவனுக்காக நானே பேசினேன். நல்ல வேலைக்காரன். கலியாணம் செய்தால் அடங்கிவிடுவான் என்று நம்பினேன்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "முதல் பெண்ணா? நான் வந்து கேட்டபோது உங்களுக்கு அது தெரியுமா?"

"தெரியும். ஆனால் நீ கேட்டது அவன் நல்ல மனிதனா என்று. அவன் யாரையாவது அடித்திருக்கிறானா என்று நீ கேட்கவில்லை." குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே நியாயம் சொல்கிற குரல். பிறகு, தான் அன்றைக்குச் சொன்ன பழமொழியை மறுபடி சொன்னார். "நான் உன்னை எச்சரித்தேனே" என்றார்.

அவருடைய மகள், எங்கள் லொறியில் சாமான் ஏற்றும் ஒருவனோடு பழகிய காலம் ஒன்று இருந்தது. அப்போது ஃபோர்மன் தினமும் என்னிடம் வந்து நின்றார். அவன் எத்தனை மணிக்கு வருகிறான், வாயில் குடி நாறுகிறதா, இயந்திரம் நின்றால் உதைக்கிறானா, பெண்களைப் பற்றி என்ன பேசுகிறான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கண்டதைக் கண்டபடி சொன்னேன். அவன் ஒரு தரம் கதவைக் குத்தி உடைத்தான் என்றும் சொன்னேன். அடுத்த மாதம் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. தன் மகள் விஷயத்தில் அந்த மனிதன் ஒரு பழமொழிகூடச் சொல்லவில்லை. இதை அப்போதே கவனித்திருக்க வேண்டியவன் நான். கார் கதவைத் திறந்துகொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. அவருக்குக் கை கொடுக்காமல் வந்துவிட்டேன். அவ்வளவு தூரம் பழகிய ஒருவரை அப்படி விட்டு வந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

நேரே தங்கையின் வீட்டுக்குப் போனேன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறாள் இப்போது. பின்னேர வேலைக்குச் சீருடை போட்டுக்கொண்டு, குசினியில் நின்று சாப்பாட்டுப் பெட்டியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இடது பக்கமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கோபம் ஏறியது. அவளும் கோபப்படுவாள், இரண்டு பேருமாக அந்தக் கிழவனைத் திட்டித் தீர்க்கலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் பெட்டியை மூடினாள்.

"அந்த மனிசன் எனக்கு ஆர் அண்ணா? அந்தாள் சொல்லேல்லை எண்டு நான் ஏன் கோவிக்கவேணும்?"

"அவருக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தவர்."

"உங்களுக்கும் தெரியும்தானே."

நான் அவளைப் பார்த்தேன். அவள் துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்துக்கொண்டு பேசினாள். "கலியாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க நான் உங்களுக்கு ஃபோன் எடுத்தனான். வீடியோவில கதைக்கேக்க, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பிந்தினதுக்கு, அவர் கையில இருந்த கோப்பையைச் சுவரில அடிச்சவர் எண்டு சொன்னனான். எனக்குப் பயமாய்க் கிடக்கு அண்ணா எண்டும் சொன்னனான். நீங்கள் சிரிச்சுப்போட்டு ஒரு ஐரிஷ் பழமொழி சொன்னனீங்கள். ஆம்பிளையளின்ர கோவத்தைப் பற்றி."

உண்மைதான், சொன்னேன். எனக்கு அது மறந்துபோயிருக்கவில்லை. இவ்வளவு நேரம் ஃபோர்மனின் அப்பிளையும் பேனாக்கத்தியையும் எழுதிக்கொண்டு வந்தவன், இதை மட்டும் எழுதாமல் வந்திருக்கிறேன். மதிய இடைவேளையில், தொழிற்சாலைச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையில் பாணும் மறுகையில் ஃபோனுமாக அதைச் சொன்னேன். அந்த வாரம்தான் அந்தத் தமிழாக்கத்தை முடித்திருந்தேன். யாரிடமாவது சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தது. அவள் மறுபக்கத்தில் "நல்லாயிருக்கு அண்ணா" என்றாள். நான் பாணைச் சாப்பிட்டு முடித்தேன்.

இப்போது அவள் துணியை மடித்து வைத்துவிட்டு அந்தப் பழமொழியைச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. நான் தேடிப்பிடித்த எதுகைகூட அதனதன் இடத்தில் நின்றது.

"ஒவ்வொருக்காலும் அவர் அடிச்சாப்பிறகு இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடந்தனான். மூண்டு வருசம். அண்ணா படிச்சவர், விசாரிச்சவர், அவருக்குத் தெரியும்தானே எண்டு." சாப்பாட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்தாள். "எனக்கு நேரம் போச்சுது. போட்டு வாறன். கதவை இழுத்துப் பூட்டிப்போட்டுப் போங்கோ."

அவளுடைய கார் வெளியே போகும் சத்தம் கேட்டது. நான் குசினியிலேயே நின்றேன். மூன்று வருடம் அவளை அந்த வீட்டில் இருக்கவைத்த அந்த வரி முழுக்க என் தமிழ். ஃபோர்மனுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது.